சீமையிலிருந்து வந்த குங்குமக் கிண்ணம்

கேன்டீனின் பின்பக்கம், கழுவிய தட்டுகளைக் கவிழ்த்து வைக்கும் மேடையில் வைத்துத்தான் சரோஜாக்கா அந்தக் கிண்ணத்தை எனக்குக் காட்டினார். ரவிக்கைத் துணியில் சுற்றி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்கும் மேல் ஒரு துண்டு. ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க உள்ளேயிருந்து குங்கும வாசனை வந்தது.

"கொட்டிடாத கண்ணு. கொட்டக் கூடாதுன்னு சொல்லித்தான் அம்மா குடுத்துச்சு" என்றார்.

உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் கிண்ணம். வெளியே சுற்றிலும் திராட்சை இலைகள் புடைத்திருந்தன. உள்பக்கம் வழவழப்பு. அடியில் கொஞ்சம் குங்குமம். டீ நேரம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. ஓசூரின் கார்த்திகைக் குளிரில் கண்ணாடி பனிக்கட்டி மாதிரி இருந்தது. கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ஒரு பதிவு எண். அதற்குக் கீழே, 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்திலேயே.

"சீமைச் சாமான்தானே?" என்று கேட்டார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

கண்ணாடி விஷயத்தில் யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுகிற வியாதி அப்போது எனக்கு இருந்தது. அன்று மட்டும் ஏனோ, "ரெண்டு நாள் குடுங்கக்கா, பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

என் கண்ணாடிப் பைத்தியம்

கல்யாணமாகி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவள் நான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் குவாலிட்டி பிரிவில் வேலை. மோல்டு என்கிற அச்சிலிருந்து வந்து விழும் பொருளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்புக் கூடையில் போட வேண்டும். மோல்டின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் கோடு தடித்திருக்கிறதா, எங்காவது குழி விழுந்திருக்கிறதா, ஓரத்தில் பிசிறு நிற்கிறதா என்று நாள் முழுக்க இதே பார்வைதான். கண் கெட்டுப்போனது. புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக் குடத்தின் அடியைப் பார்ப்பேன்.

பழைய அச்சுக் கண்ணாடியில் எனக்குப் பித்துப் பிடித்ததற்குக் காரணமும் அதுதான். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு மேலிருந்து அழுத்தி எடுத்தால் சர்க்கரைக் கிண்ணம், பழத்தட்டு, வெண்ணெய்த்தட்டு எல்லாம் கிடைக்கும். கையால் பட்டை தீட்டிய கண்ணாடியை வாங்க முடியாதவர்களுக்காக வந்தவை. பார்க்கப் பகட்டு, பக்கத்தில் போனால் கோடு தெரியும். அச்சு எத்தனை துண்டு என்பதை அந்தக் கோட்டை வைத்தே சொல்லிவிடலாம். எங்கள் பிளாஸ்டிக்கும் அதே சாதிதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாகலூர் ரோட்டுப் பழைய சாமான் கடைகளுக்குப் போய்விடுவேன். பிறகு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருப்பதை அரைகுறை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எந்த நாட்டில் எப்படி முத்திரை குத்தினார்கள், எந்த எண் எந்தக் காலம் என்று.

"ஆலையில பிளாஸ்டிக்கப் பாக்குற. லீவு நாள்ல கண்ணாடியப் பாக்குற. என் மூஞ்சிய எப்பம்மா பாப்ப?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் மூஞ்சியில் அடையாளம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? எங்கே செய்தது என்று எனக்குத் தெரியாதா?

இந்தப் பித்து ஆலை முழுக்கத் தெரிந்திருந்தது. சரோஜாக்கா என்னைத் தேடி வந்ததும் அதனால்தான்.

அழைப்பிதழில் ஒரு வார்த்தை

சரோஜாக்கா எங்கள் கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவர். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். ஓசூரில் ஒரு லைன் வீட்டில், புருஷனோடும் மகளோடும் அம்மா நஞ்சம்மாவோடும் இருந்தார். மகள் கவிதாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அழைப்பிதழ் அடிக்கப் போன இடத்தில் வந்தது சிக்கல். 'மகள் வயிற்றுப் பேத்தி' என்று தாத்தா பெயர் போட வேண்டும். திம்மராயப்பா என்ற பெயருக்கு முன்னால் 'திரு' என்று போடுவதா, 'தெய்வத்திரு' என்று போடுவதா?

சரோஜாக்காவின் அப்பா திம்மராயப்பா, அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வீட்டை விட்டுப் போனவர். பெங்களூரில் யாரோ ஒரு துரை வீட்டில் வேலைக்கு நின்றதாகத் தகவல் வந்தது. அப்புறம் தகவலும் நின்றது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து, பெங்களூர் போய்வந்த ஊர்க்காரர் ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "உன் ஊட்டுக்காரரு குடுக்கச் சொன்னாரும்மா" என்றவர், வேறு யாரோ அதைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். பிரித்தால் இந்தக் கிண்ணம். பள்ளிக்கூட வாத்தியார் அடியில் இருந்த எழுத்தைப் படித்து 'இங்கிலாந்து' என்றார். அன்றிலிருந்து ஊருக்கே தெரிந்துபோனது, துரை சீமைக்குத் திரும்பும்போது திம்மராயப்பாவையும் கூடவே கப்பலில் கூட்டிப் போய்விட்டார் என்று.

நஞ்சம்மா அந்தக் கிண்ணத்தில் குங்குமத்தைப் போட்டு வைத்தார். தினமும் காலையில் குளித்ததும் அதிலிருந்து எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். முப்பது வருஷத்துக்கும் மேலாக அதுதான் நடந்துவந்தது.

இப்போது திம்மராயப்பாவின் தம்பி, அதாவது சரோஜாக்காவின் சித்தப்பா, பிடிவாதமாக நின்றார். காணாமல் போனவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து, எரித்து, கருமாதி பண்ணி, அண்ணியின் தாலியையும் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கல்யாண வீட்டுக்கு ஆகாது என்றார். "உசுரோட இருக்கறவருக்குக் கொள்ளி வெப்பாங்களா?" என்று நஞ்சம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"நெசமாலுமே சீமைச் சாமான்னா, எங்கப்பன் அங்க போய்ச் சேந்தாருன்னுதானே அர்த்தம்? சித்தப்பன்கிட்ட நின்னு பேசுவேன், எங்கம்மா நெத்தியில கை வெக்காதீங்கன்னு" என்றார் சரோஜாக்கா. "இல்லன்னா இல்லன்னு சொல்லிடு கண்ணு. மறைக்காத."

ஒரு கிண்ணத்தை வைத்து ஒரு மனுஷன் இருக்கிறானா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்த மாதிரி எண், அந்த மாதிரி எழுத்து, எல்லாம் இங்கிலாந்துப் பழக்கம்தான். இலையின் நரம்புகள் மழுங்கியிருந்தன. தினமும் கைபட்டுத் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியில் லேசாகப் பச்சை ஓடியது. பழசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அதையும் தள்ளிவிட்டேன். ஒரு இலையின் குறுக்கே தலைமுடி விழுந்த மாதிரி மெல்லிய புடைப்பு இருந்தது. அச்சில் விழுந்த கீறலின் தடம். வேலைப் பழக்கத்தில் அது மட்டும் மனதில் பதிந்தது.

"சீமைதான்க்கா" என்று சொன்னேன்.

சரோஜாக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மறுநாள் நஞ்சம்மா வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டு அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கூப்பிட்டு, என்னைப் பாயில் உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம்.

"அந்த ஊர்ல குளுரு ஜாஸ்தியாமே?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. ஐஸ் கொட்டுமாம்."

"ஹௌதா?" என்று கன்னடத்தில் வியந்துகொண்டார். பிறகு மகளைப் பார்த்து, "இங்கியே மார்கழி மாசம் இருமுவாரு. சொட்டரு கிட்டரு வெச்சிருக்காரோ என்னமோ" என்றார்.

சித்தப்பா வாயை மூடினார். அழைப்பிதழில் 'திரு' என்றே போடச் சொல்லி அச்சகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று.

அதே இலை, அதே கீறல்

மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். சானமாவுக் காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடந்ததால் கம்பெனி பஸ் தாமதமாகி, எங்கள் ஷிப்டே குழம்பிக் கிடந்த வாரம். பாகலூர் ரோட்டில் பாய் கடையில் புதிதாக ஒரு கோணிப்பை அவிழ்ந்து கிடந்தது. உள்ளே வைக்கோல், நடுவில் கண்ணாடி. மேலே கிடந்ததை எடுத்தேன். திராட்சை இலைக் கிண்ணம்.

எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. நஞ்சம்மாவின் கிண்ணத்துக்கு ஜோடி கிடைத்துவிட்டது என்று. வெளிச்சத்தில் திருப்பினேன். அதே எண், அதே 'இங்கிலாந்து'. நகத்தால் இலைகளைத் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு இலையில் நகம் தட்டியது. குறுக்கே ஒரு தலைமுடி.

அதே இடத்தில் அதே கீறல் என்றால் இரண்டும் ஒரே அச்சில் வந்தவை. அதுவும் பரவாயில்லை, இரண்டும் சீமையிலிருந்து வந்திருக்கலாமே. ஆனால் இந்தக் கிண்ணம் கோணல். ஒரு பக்கம் விளிம்பே இல்லாமல் பாதியில் நின்றிருந்தது, மறுபக்கம் கண்ணாடி பிதுங்கி நாக்குப் போலத் தொங்கியது. சிவப்புக் கூடைச் சரக்கு. இப்படி ஒன்றை எந்த ஆலையும் வெளியே விற்காது. கடல் தாண்டி அனுப்பவே அனுப்பாது. ஊற்றிய இடத்திலேயே ஒரு மூலையில் குவிந்துதான் கிடக்கும்.

"பாய், இது எங்க எடுத்தீங்க?"

"கர்நாடகா பார்டர் தாண்டி ஒரு கண்ணாடி ஃபாக்டரி இருந்துச்சும்மா. மூடி ரொம்ப வருசமாச்சு. இப்பத்தான் ஷெட்டப் பிரிக்கிறாங்க. மூட்டை மூட்டையாக் கெடக்குது."

"அடியில இங்கிலாந்துன்னு போட்டிருக்கே?"

"அச்சு வெள்ளக்காரனுது. அங்க ஓடித் தேஞ்சத இங்க வாங்கியாந்து ஓட்டினாங்க. பேரை யாரு அழிப்பா?"

கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆலையில் ஒரு ஜெர்மன் மோல்டு உண்டு. அங்கே ஒரு கம்பெனி மூடியபோது கப்பலில் ஏறி ஓசூருக்கு வந்தது. அதில் வரும் ஒவ்வொரு மூடியின் உள்பக்கமும் அந்த ஜெர்மன் கம்பெனியின் பெயர் இருக்கும். தினமும் அந்தப் பெயரைப் பார்த்து நான்தான் பாஸ் போடுவேன். ஓசூர்த் தண்ணீரில் ஆறிய மூடி அது.

கண்ணாடி என்று வந்ததும் அந்தப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை.

மறுநாள் கேன்டீனின் பின்பக்கம் போனேன். சரோஜாக்கா குழம்பு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அக்கா, அச்சுதான் சீமையிலிருந்து வந்துருக்கு. கிண்ணம் இங்க, பக்கத்துலதான் ஊத்திருக்காங்க. உங்க அப்பா கப்பல் ஏறினாருன்னு அத வச்சுச் சொல்ல முடியாது."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பக்கத்துலன்னா எவ்ளோ தூரம்?"

"காலைல போனா மத்தியானத்துக்குள்ள திரும்பிரலாம்க்கா."

"காலைல போனா மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம்" என்று அவரும் சொன்னார். அண்டாவுக்குள் குனிந்திருந்ததால் குரல் பெரிதாக எதிரொலித்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

அடுத்த ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போவதாகச் சரோஜாக்கா வீட்டில் சொல்லியிருந்தார். அத்திப்பள்ளி தாண்டி, இன்னொரு பஸ் மாறி, தைல மரங்களுக்கு நடுவே ஒரு நிறுத்தத்தில் இறங்கினோம். கூரை பிரித்த ஷெட்டும் ஒரு புகைபோக்கியும் மட்டும் நின்றன. நடக்கும் வழியெல்லாம் மண்ணில் பச்சையும் வெள்ளையுமாகக் கண்ணாடிச் சில்லுகள் பதிந்திருந்தன. செருப்புக்கு அடியில் அவை நெரிபடும் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

டீக்கடையில் சரோஜாக்கா கன்னடத்தில் கேட்டார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள், திம்மராயப்பா என்று யாராவது இங்கே வேலை செய்தார்களா என்று. கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "உலைக்காரர் திம்மராயப்பாவா?" என்று கேட்டு, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடுகளைக் காட்டினார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பழைய நூல் புடவை, வெறும் நெற்றி. உள்ளே சுவரில் ஒரு போட்டோ, அதற்குப் பிளாஸ்டிக் மாலை. சரோஜாக்கா போட்டோவை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தாடையும் மூக்கும் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தன.

"நீங்க யாரு?" என்று அந்த அம்மா கன்னடத்தில் கேட்டார்.

"ஊர்க்காரங்க" என்றார் சரோஜாக்கா. "இந்தப் பக்கமா வந்தோம். பாத்துட்டுப் போலாம்னு."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. உட்காரச் சொல்லிக் காபி போட்டார். அவர் போன மழைக்காலத்தில் போய்விட்டார் என்றார். நெஞ்சுச் சளி. உலைக்கு முன்னால் நின்ற எல்லோருக்கும் வருவதுதான். இரண்டு பையன்கள், பெங்களூரில் வேலை. "ஊர்ல யாரும் இல்லன்னு சொல்லுவாரு. நீங்கல்லாம் இருக்கீங்களே" என்று ஆச்சரியப்பட்டார்.

நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் எவர்சில்வர் இருப்பதுபோல அங்கே திராட்சை இலைக் கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் உப்பு. ஒன்றில் ஊறுகாய். ஒன்றில் பித்தானும் ஊசியும். வாசல் படியோரம் விளிம்பு உடைந்த ஒன்று தண்ணீரோடு இருந்தது, ஒரு கோழி அதில் அலகை நனைத்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது அந்த அம்மா சரோஜாக்காவின் கையைப் பிடித்து, "மறுபடியும் வாங்க" என்றார். அக்காவும் தலையாட்டினார்.

திரும்பி வரும் பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டியது. ஜன்னலைப் பார்த்தபடியே சரோஜாக்கா, "கோழிக்குத் தண்ணி வெச்சிருந்தாங்க, பாத்தியா?" என்றார்.

பார்த்தேன் என்றேன். அப்படி ஒரு கனத்த பயணத்தை நான் பிறகு செய்ததில்லை.

பிதுக்குப் பருப்பு

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் தள்ளிப்போகாமல் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள், தாத்தா இறந்தது ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று துருவிக் கேட்கவில்லை. அழைப்பிதழைத் திருத்தி 'தெய்வத்திரு' என்று அடித்தார்கள். மண்டபத்தில் நஞ்சம்மா கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு நான் பாய் கடைக்குப் போகவில்லை. வீட்டில் சேர்த்து வைத்திருந்த கண்ணாடியையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்முன் நிற்பது, நஞ்சம்மாவிடம் விஷயத்தைச் சொன்ன அந்தச் சாயங்காலம்தான்.

தனியாகச் சொல்ல முடியாது என்று சரோஜாக்கா என்னையும் கூட்டிப் போனார். லைன் வீட்டு வாசலில் நஞ்சம்மா உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். ஓசூரில் மார்கழி என்றால் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அழுத்த, தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிக் கிண்ணியில் விழும். பச்சை வாசனை வாசல் முழுக்க இருந்தது.

சரோஜாக்கா எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கை அள்ளிப் பிதுக்கத் தொடங்கினார். பிதுக்கிக்கொண்டே சொன்னார். கிண்ணம் சீமையில் செய்தது இல்லை என்பதை. ஆலையை. ஓட்டு வீட்டை. அங்கே ஒரு அம்மா இருப்பதை. பையன்களை. அதுவரைதான் சொல்ல முடிந்தது. போட்டோவையும் மாலையையும் சொல்ல வாய் வரவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் வரவில்லை.

நஞ்சம்மா நிமிரவே இல்லை. விரல்கள் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. கோபப்படுவார், கத்துவார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த கொட்டையை எடுத்துக்கொண்டே, "அந்தம்மா நெத்தியில பொட்டு இருந்துச்சா?" என்று கேட்டார்.

சரோஜாக்கா இன்னொரு கை கொட்டையை அள்ளினார்.

"கேக்கறேன் இல்ல? இருந்துச்சா?"

"இல்லம்மா."

விரல்கள் நின்றன. பிதுக்கிய தோல் ஒன்று கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கீழே போட்டார்.

"எப்போ?"

"போன மழைக்காலத்துலம்மா."

நஞ்சம்மா தெருவைப் பார்த்தார். ஷிப்டு முடிந்தவர்கள் டிபன் பைகளோடு கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அவ அழுது முடிச்சிருப்பா" என்றார். "நான் இப்பத்தான் ஆரம்பிக்கணும்."